வேல்ஸ் மாஸ்டரின் உப்புத்துறை

சிட்னியின் மேற்குப் புறநகர்களில் கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் அடுத்த தெருவின் பெயர் தெரியாது. ஆனால் இங்கிலாந்தை ஒட்டியிருக்கும் வேல்ஸ் நாட்டின் கடற்கரையில், போர்த் ஹாலன் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில், எந்த முடுக்கில் திரும்பினால் கடல் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை பேருக்கும் அந்த ஊரைச் சுற்றிக் காட்டியவர் ஒரே மனிதர். அப்போது அவரும் அந்த ஊரைப் பார்த்திருக்கவில்லை.

அவர் பெயர் வேல்ஸ் மாஸ்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு ஃபோன் செய்தால் அவர் மனைவியே, "வேல்ஸ் மாஸ்டரோ? குளிக்கிறார்" என்றுதான் சொல்வார். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் கண்ணாடியில் அவருடைய விளம்பரம் ஒட்டியிருக்கும்: "பொறுமையாகப் பழக்கப்படும்." பொறுமை யாருக்கு வேண்டும் என்பது முதல் வகுப்பில் தெரிந்துவிடும்.

நான் திருநெல்வேலியிலிருந்து கணவரின் வேலைக்காக நார்த்மீட் வந்து சேர்ந்தவள். ஊரில் ஸ்கூட்டரில் பறந்தவள், இங்கே கார் இல்லாமல் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். மூன்றாவது ஞாயிறு வந்தால் விவாகரத்துதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. எங்கள் குடும்பத்தைக் காப்பாற்ற வெள்ளைக் கார் ஒன்றில் வந்து இறங்கினார் மாஸ்டர். அறுபதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. அந்தப் பேனாக்களால் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. காற்றில் போர்த் ஹாலனின் வரைபடம் போடத்தான் அவை.

"பிள்ளை, சீற்றை முன்னுக்கு இழுத்துவிடும். கண்ணாடியை வடிவாச் சரிசெய்யும். இப்ப சொல்லும், நாங்கள் எங்க இருக்கிறம்?"

"நார்த்மீட்ல, மாஸ்டர்."

"மாநிலம்?"

"நியூ சவுத் வேல்ஸ்."

"புது வேல்ஸ். அப்ப பழைய வேல்ஸ் எங்க எண்டு எப்பவாவது யோசிச்சனீரே?"

இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. நம்பர் பிளேற்றில எழுதி ஒட்டியிருக்கு, ஆனா ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. சரி, காரை எடும்."

கார் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார், வேல்ஸுக்கு.

"போர்த் எண்டா துறை. ஹாலன் எண்டா உப்பு. உப்புத்துறை. நான் யாழ்ப்பாணத்தில எந்த ஊர்? பருத்தித்துறை. விளங்குதே?"

எனக்கு எதுவும் விளங்கவில்லை. எதிரே குப்பை லாரி வந்துகொண்டிருந்தது.

அவருடைய பாடமுறையை விவரமாகச் சொல்ல வேண்டும். போர்த் ஹாலன் ஒரு சரிவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குன்றுகள், நடுவே ஒரு ஓடை, ஓடையோடு சேர்ந்து இறங்கும் ஒற்றைத் தெரு, தெருவின் அடியில் கூழாங்கல் கடற்கரை. வீடுகளுக்குக் கரும்பலகைக் கல்லால் கூரை. கரையில் ஒரு சுண்ணாம்புக் காளவாய். அந்தக் காலத்தில் கப்பலில் சுண்ணாம்புக்கல் கொண்டுவந்து, அதில் எரித்து, அமிலம் ஏறிப் புளித்துப்போன வயல்களுக்குப் போட்டார்களாம். இந்த ஊரை அவர் அப்படியே தூக்கி வந்து எங்கள் புறநகர்களின்மேல் விரித்திருந்தார். நார்த்மீட்டில் ஒரு இறக்கம் 'காளவாய் இறக்கம்'. பாரமட்டா போகும் வழியில் ஒரு வளைவு 'மீன்காரர் முடுக்கு'. என் முதல் டெஸ்டில் தேர்வாளர் ஒரு தெருவின் உண்மையான பெயரைச் சொல்லித் திரும்பச் சொன்னபோது, அது எது என்று தெரியாமல் நேரே போய்விட்டேன். அதை எனக்கு 'மேல் சேப்பல் வீதி' என்றுதான் தெரியும்.

சிவப்பு விளக்கில் நின்றால் உச்சரிப்புப் பயிற்சி. வேல்ஸ் மொழியில் இரண்டு எல் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரு தனிச் சத்தமாம், வேறு வெள்ளைக்காரர் யாருக்கும் வராதாம், தமிழருக்கு மட்டும் வருமாம்.

"நாக்கை 'ள' சொல்லுற இடத்தில வையும். வைச்சுக்கொண்டு, தேத்தண்ணி ஆத்துற மாதிரி ஊதும்."

நான் ஊதினேன். பக்கத்துக் காரில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

காரின் சக்கரம் நடைபாதை ஓரத்தில் இடித்தால் மாஸ்டர் "அக்கவீ!" என்று கத்துவார். வேல்ஸ்காரர்கள் அருவருப்பாக எதையாவது மிதித்துவிட்டால் சொல்லும் சொல்லாம். என் முதல் மாதத்தில் அந்தச் சொல்லை நான் கேட்ட அளவுக்கு என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

பாடங்களின் சிகரம் ஹாண்ட்பிரேக் பாடம். அதை ஆர்மோனியக் கதை இல்லாமல் அவர் நடத்தியதே கிடையாது.

போர்த் ஹாலனில் முதலில் ஒரே ஒரு சேப்பல்தான், அதாவது சிறு தேவாலயம். பாட்டுக்கு ஆர்மோனியம் வேண்டும் என்று ஒரு கட்சி, தொண்டை இருக்கும்போது பெட்டி எதற்கு என்று இன்னொரு கட்சி. சண்டை முற்றி ஊர் இரண்டானது. சரிவின் மேலே ஒரு சேப்பல், கீழே ஒரு சேப்பல். இந்த இடத்தில் மாஸ்டர் நெஞ்சில் கைவைத்து, "சின்ன ஊர். ரெண்டு கோயில். ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்லை. எங்கட ஆக்கள்தான் பிள்ளை!" என்பார். கீழ் சேப்பல்காரர்கள் ஆர்மோனியம் வாங்கி, குதிரைவண்டியில் ஏற்றி, மேல்வழியாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மேல் சேப்பல் வாசலில் வண்டியை நிறுத்தி, குதிரையை அவிழ்த்துவிட்டு, வண்டிக்காரர் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தால் வண்டி இல்லை. சரிவில் உருண்டு, தெருவெல்லாம் தாண்டி, ஆர்மோனியம் நேரே கடலுக்குள் போய்விட்டது.

"ஏன் போனது?"

"பிரேக் இல்ல, மாஸ்டர்."

"பிரேக் இல்லாட்டி என்ன? சில்லுக்குக் கட்டை வைக்கவேணும். அந்த மடையன் வைக்கேல்லை. ஒரு கட்டை. ஒரேயொரு கட்டை. அதாலதான் பிள்ளை, இண்டைக்கும் அந்த ரெண்டு சேப்பலும் சேரேல்லை. ஹாண்ட்பிறேக்கைப் போடும்."

போட்டேன். இன்றுவரை சமதரையில் நிறுத்தினாலும் போடுகிறேன்.

அந்த ஊரின்மேல் அவருக்கு எப்படிப் பைத்தியம் பிடித்தது என்பதை அவர் மனைவிதான் எனக்குச் சொன்னார். அவரை நாங்கள் அன்ரி, அதாவது ஆன்ட்டி, என்போம். ஒருநாள் வகுப்பு முடிந்து மாஸ்டர் தன் வீட்டுக்குத் தேநீருக்குக் கூட்டிப்போனபோது ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்தேன். சட்டம் போட்ட பழைய நீர்வண்ண ஓவியம். சரிவு, வீடுகள், கடல், மூலையில் ஊர்ப் பெயர்.

"வந்த புதிசில வாடகை வீட்டுச் சுவரில ஒரு ஓட்டை, தங்கச்சி" என்றார் அன்ரி. "முந்தி இருந்தவன் உடைச்சது. இன்ஸ்பெக்ஷனுக்கு ஆக்கள் வரப்போயினம் எண்டு இவர் பழைய சாமான் கடைக்கு ஓடிப்போய், ஓட்டைக்கு அளவான படமொண்டு வாங்கியந்தார். ஓட்டை அளவுக்கு வாங்கினது. அதுக்குப் பிறகு எனக்குப் புருஷன் இல்லை. என்ர பிறந்தநாள் ஞாபகமில்லை. அங்க கப்பல் உடைஞ்ச நாள் ஞாபகம்."

மாஸ்டருக்கு உடனே உற்சாகம் வந்துவிட்டது. "ஓம், அந்தக் கப்பலில தேயிலைப் பெட்டியள். கரை முழுக்க ஒதுங்கினது. எல்லாம் சிலோன் தேயிலை."

"அப்படி எங்கயாவது எழுதியிருக்கா, மாஸ்டர்?"

"இல்லை. ஆனா நியாயமாத்தானே இருக்கு?"

இதுதான் மாஸ்டர். நூலகத்தில் தேடியது, கணினியில் தேடியது, போதாத இடத்தில் நியாயமாக இருப்பது, மூன்றும் சேர்ந்ததுதான் அவருடைய வரலாறு.

அவர் புகழ் உச்சிக்குப் போனது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். தமிழர்கள் சேர்ந்து 'எங்கள் ஊர்' என்று ஒரு மாலை நிகழ்ச்சி வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம், அவரவர் ஊரைப் பற்றிப் பேச வேண்டும். மாஸ்டர் மேடையேறி, மைக்கைத் தட்டி, "எங்கட ஊருக்கு ரெண்டு பக்கமும் மலை" என்று தொடங்கினார்.

மண்டபத்தில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கே ஏறி நின்று பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது.

"பருத்தித்துறையில ஏது ஐசே மலை?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

மாஸ்டர் காதில் வாங்கவில்லை. காளவாய், கரும்பலகைக் கூரை, பீப்பாய் பீப்பாயாக உப்புப் போட்ட ஹெரிங் மீன், கடல் வெகுதூரம் உள்வாங்கும் பெரிய வற்று வரும்போது மணலுக்கு நடுவே வெளியே தெரியும், கடல்கொண்ட பழைய காட்டின் அடிமரங்கள் என்று போய்க்கொண்டே இருந்தார். நிகழ்ச்சித் தலைவர் மணி அடித்தார். பிறகு மணியோடு எழுந்து நின்று அடித்தார். கடைசியில் மைக்கைப் பிடுங்கப் போனார். அப்போதுதான் ஆர்மோனியம் உருளத் தொடங்கியிருந்தது.

"பொறுங்கோ, பொறுங்கோ, அது கடலுக்க போனதோ இல்லையோ?" என்று முதல்வரிசை அன்ரிகள் தலைவரை உட்காரவைத்துவிட்டார்கள். முடிந்ததும் கேள்வி நேரம். 'மேலயோ கீழயோ, இப்ப ஆருக்குக் கூட்டம் கூட?' என்று ஒருவர் மிகவும் அக்கறையாகக் கேட்டார். நம்மவர்கள் எல்லாருமே ஏதாவது ஒரு சங்கத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள்தானே, சுலபமாகப் புரிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் நான் கேட்டேன். "ஏன் மாஸ்டர், உங்க ஊரைப் பத்திப் பேசியிருக்கலாமே?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்கட ஊரைப் பற்றி ஆரும் கேட்டா, நான் வாய் திறக்க முன்னமே முகத்தைத் தொங்கப்போடுகினம். ஐயோ பாவம் எண்ட மாதிரி. எனக்கு அது பிடிக்கிறேல்லை. இந்த ஊரைச் சொன்னா எல்லாரும் சிரிக்கினம். நானும் சிரிக்கிறன்." முன்னால் கையைக் காட்டி, "இண்டிக்கேற்றரைப் போடும்" என்றார்.

இரண்டாவது டெஸ்டில் தோளைத் திருப்பிப் பார்க்க மறந்ததற்காகத் தோற்றேன். மூன்றாவது டெஸ்டுக்கு வந்த தேர்வாளர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய பெண்மணி. முகத்தில் சிரிப்பு என்ற வசதியே பொருத்தப்படவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு ரவுண்டபவுட்டில் பெரிய வண்டி ஒன்று சிக்னல் போடாமல் குறுக்கே பாய்ந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். கார் குலுங்கி நின்றது.

"அக்கவீ!" என்றார் தேர்வாளர்.

என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "நீங்க வேல்ஸா?"

இந்தப் பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. என் தமிழில் தருகிறேன்.

"எப்படித் தெரியும்?"

"எங்க மாஸ்டர் இதைத்தான் சொல்லுவார்."

"உங்க மாஸ்டர் வேல்ஸ்காரரா?"

"இல்ல, பருத்தித்துறை. ஆனா போர்த் ஹாலன்லதான் இருக்கார். அதாவது, இங்கதான் இருக்கார்."

அந்தப் பெண்மணி கையிலிருந்த, மதிப்பெண் குறிக்கும் கருவியை மடியில் வைத்துவிட்டார். "நான் பிறந்தது போர்த் ஹாலன்ல" என்றார். பின்னால் நின்ற கார் ஹார்ன் அடித்தது. உலகத்தில் அந்த ஊரில் பிறந்தவர்களே ஒரு கூடத்துக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் ஒருவர் என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

டெஸ்டில் தேறினேன். நியாயமாகத்தான் தேறினேன் என்று என் கணவரிடம் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். தேர்வாளரின் பெயர் மெகன். மாஸ்டரைச் சந்திக்க வேண்டும் என்றார்.

மறுநாள் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது இந்தச் செய்தியைச் சொன்னேன், துள்ளிக் குதிப்பார் என்று நினைத்து. அவர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"வேண்டாம் பிள்ளை."

"என்ன மாஸ்டர்! உங்க ஊர்க்காரங்க!"

"அதுதான் பயம். அவ வந்து, 'அப்பிடியொண்டும் இல்லை' எண்டு ஒரு சொல்லுச் சொன்னா, நான் பிறகு எங்க போறது?"

அதற்கான பதில் அன்ரிக்குத் தெரிந்தது. "இவ்வளவு காலமும் நான் கேட்டனான். இனி அவவும் கொஞ்சம் கேக்கட்டும்" என்று அவரே ஃபோன் செய்து சனிக்கிழமை காலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

வென்ட்வேர்த்வில் சாப்பாட்டுக் கடை. மாஸ்டர் டை கட்டி வந்திருந்தார். செய்தி பரவி, பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தற்செயலாக இடியப்பம் சாப்பிட வந்ததுபோல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மெகனைப் பார்த்து மாஸ்டர் எழுந்து நின்று, கும்பிடுவதா கைகொடுப்பதா என்று குழம்பி இரண்டையும் செய்தார். பேசியது இருவருமே ஆங்கிலம்தான். மெகனின் பேச்சை என் தமிழிலும் மாஸ்டருடையதை அவர் தமிழிலும் சொல்கிறேன்.

"காளவாய் இன்னும் இருக்கோ?" என்று மெல்லக் கேட்டார் மாஸ்டர்.

"இருக்கு. நாங்க ஒளிஞ்சு சிகரெட் பிடிச்ச இடம்."

மாஸ்டர் அடுத்ததைக் கேட்டார். "கடலுக்குள்ள போன காடு?"

"ஏதோ கட்டைங்க தெரியும். எங்க நாய் அது மேலதான் காலைத் தூக்கும்."

"அதெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷத்து மரங்கள்!"

"இருக்கலாம். நான் எப்படா அந்த ஊரை விட்டு ஓடலாம்னு இருந்தேன். அங்க மழை பெய்யும். நின்னா மறுபடி பெய்யும். அதுதான் வரலாறு."

மாஸ்டரின் முகம் வாடுவதைப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தேற்றுவதாக நினைத்து, பக்கத்து மேசையிலிருந்த ஒரு பழைய மாணவர் குரல் கொடுத்தார். "மாஸ்டர், அந்தக் கட்டை வைக்காத மடையன்ர கதையைச் சொல்லுங்கோவன்."

மெகன் திரும்பினார். "யார்?"

மாஸ்டருக்கு உயிர் வந்தது. சரிவு, வண்டி, தண்ணீர் குடிக்கப் போன வண்டிக்காரர், உருண்டோடிய ஆர்மோனியம், ஒரேயொரு கட்டை எல்லாவற்றையும் இடியப்பத் தட்டில் கோடு போட்டுக் காட்டிச் சொல்லி முடித்தார். மெகன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்த வண்டியை ஓட்டினது எங்க கொள்ளுத்தாத்தா" என்றார்.

கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம்கூட நின்றுபோனது. இருபது வருடமாக, மேற்குச் சிட்னி முழுக்க, ஒரு தலைமுறை தமிழர்களுக்கு அந்த மனிதரை மடையன் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார் மாஸ்டர். நாங்கள் எல்லாரும் தட்டைப் பார்த்தோம்.

மாஸ்டர் டையைத் தளர்த்தினார். ஆனாலும் அவர் ஒரு டிரைவிங் மாஸ்டர். "மன்னிக்கவேணும்" என்றார். "ஆனா ஓட்டினவர் ஆரெண்டாலும் கட்டை வைக்கவேணும்."

"வச்சார்!" மெகன் மேசையில் தட்டினார். "வச்சார். மேல் சேப்பல்காரங்க அதை எடுத்துட்டுத் தள்ளிவிட்டாங்க."

"ஆர் கண்டது?"

"ஊருக்கே தெரியும்!"

"கீழ் ஊருக்கு. மேல ஆரையும் கேட்டனீங்களே?"

"மேல இருக்கறவங்க உண்மையைச் சொல்வாங்களா?"

"ஒரு சேப்பலா இருக்கேக்க, முதல்ல கதவைப் பூட்டினது ஆர்? உங்கட ஆக்கள்தானே!"

"பாட்டுப் பாடும்போது கூச்சல் போட்டா பூட்டாம என்ன பண்ணுவாங்க?"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பருத்தித்துறைக்காரர் ஒருவரும் போர்த் ஹாலன்காரி ஒருவரும், இருவருமே பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் நடந்த ஒரு சண்டையை, வென்ட்வேர்த்வில்லில், இடியப்பம் ஆறிப்போக, ஆளுக்கொரு விரலை நீட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

திடீரென்று மெகன் சிரித்தார். வசதி பொருத்தப்படவில்லை என்று நான் நினைத்திருந்த அந்த முகம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, துடைத்துக்கொண்டார்.

"எங்க அப்பா போன பிறகு இந்தச் சண்டையை யாரும் என்கூடப் போட்டதே இல்லை" என்றார். "இந்த நாட்டுல இத்தனை வருஷமா இருக்கேன். எந்த ஊர்னு கேட்பாங்க. சொன்னா, ஓகோம்பாங்க. அவ்வளவுதான்."

மாஸ்டர் தன் தட்டிலிருந்த வடையை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

போகும்போது மெகன் சொன்னார். "அடுத்த கோடைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். வாங்க. அந்தச் சரிவை உங்க கண்ணால பாத்துட்டு, எங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்திச் சொல்லுங்க."

மாஸ்டர் பல மாதங்கள் மழுப்பினார். மாணவர்களுக்கு டெஸ்ட் இருக்கிறது, முழங்கால் வலி, அங்கே மழை. மறுபடியும் அன்ரிதான். "நான் போறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ" என்று பெட்டியை இறக்கினார்.

இது போன வருடம். ஒருநாள் மாலை சமைத்துக்கொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. திரை நிறைய மாஸ்டரின் மூக்கு. அங்கே காலை நேரம். குல்லாய், மழைக்கோட்டு. பின்னால் சாம்பல் நிறக் கூரைகள், அதற்குப் பின்னால் நிஜமாகவே கடல்.

"பிள்ளை, நான் மேல் சேப்பல் வாசலில நிக்கிறன்."

ஃபோனை அன்ரியிடம் கொடுத்தபோதுதான் பார்த்தேன், மாஸ்டர் கையில் ஒரு தள்ளுவண்டி. மெகனின் அண்ணன் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கியது, நாலு சக்கரம், உள்ளே பாரத்துக்குக் கற்கள். தெருவோரம் மெகன், அவர் அண்ணன், இன்னும் நாலைந்து கிராமத்தார் கைகட்டி நின்றார்கள். மாஸ்டர் வண்டியை அந்த இடத்தில் நிறுத்தி, கையை எடுத்தார். கட்டை எதுவும் வைக்கவில்லை.

வண்டி நகரவில்லை.

வாசலிலேயே இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். நகரவில்லை. சேப்பல் வாசலில் மட்டும் தெரு சற்றே மட்டமாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஓவியத்தில் தெரியாத ஒரு மட்டம். பிறகு அவர் ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். வண்டி விளிம்பைத் தாண்டியதுதான் தாமதம், கடகடவென்று இறங்க ஆரம்பித்தது. மெகனின் அண்ணன் துரத்திக்கொண்டு ஓடினார்.

மாஸ்டர் ஃபோனைப் பார்த்து, மிகவும் மரியாதையான குரலில், "தள்ளித்தான் விட்டிருக்கினம், பிள்ளை" என்றார். பிறகு குல்லாயைக் கழற்றிவிட்டு மெகனிடம் போய், அவருடைய கொள்ளுத்தாத்தாவைப் பற்றித் தான் சொன்னதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டார். மெகன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஓரமாக நின்ற ஒரு கிழவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று மேலே நடந்து போனார்.

"அவர் மேல் சேப்பல்" என்று மாஸ்டர் கிசுகிசுத்தார். "இனி என்னோட கதைக்கமாட்டார்." அந்த ஊரில் தன்னோடு பேசாத ஒருவர் கிடைத்துவிட்டதில் அவர் குரலில் அப்படியொரு நிறைவு.

பிறகு ஃபோனை வாங்கி, எனக்குக் கடலைக் காட்டுவதற்காக இறங்கி நடந்தார். காளவாய் வந்தது. வற்று நேரம், தூரத்தில் மணலில் கறுப்புக் கறுப்பாக அடிமரங்கள். நான் எல்லாவற்றையும் அடையாளம் கண்டு சொல்லிக்கொண்டே வந்தேன். ஃபோன் ஆகாயத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாஸ்டர், பேசவே மாட்டேங்குறீங்க?"

"மணக்குது, பிள்ளை."

"என்ன மணக்குது?"

"கடற்பாசி காயுற மணம். உப்பு, மீன், ஈரக் கயிறு." மூச்சை ஆழ இழுத்தார். "படத்தில மணம் இல்லைத்தானே. நான் இதை எதிர்பாக்கேல்லை. காலமை எங்கட வீட்டுப் படலையைத் திறந்தா இதே மணம்தான். பருத்தித்துறையில."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் ஏதோ சொல்லப் போனார். அதற்குள் பின்னாலிருந்து அன்ரியின் குரல். "மணக்கிறதுக்கே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? மழை வருது, உள்ளுக்கு வாங்கோ!" அழைப்பு துண்டிக்கப்பட்டது.

திரும்பி வந்தபின் பாடத்திட்டம் மாறிவிட்டது. ஹாண்ட்பிரேக் பாடத்தில் இப்போது, "பிறேக் போட்டாலும், கட்டை வைச்சாலும், ஆராவது வந்து எடுத்துப்போடுவினம். அதால கண்ணாடியையும் பாரும்" என்கிறாராம். வண்டிக்காரர் இப்போது மடையன் இல்லை, மெகனின் கொள்ளுத்தாத்தா, அவர் வாயில் 'மெகன்ர பாட்டாவின்ர ஐயா'. இன்னொரு மாற்றம்தான் புது மாணவர்களைத் திணறவைக்கிறது. காளவாய் இறக்கத்தில் இறங்கும்போது திடீரென்று பருத்தித்துறைச் சந்தை வந்துவிடுகிறது. மீன்காரர் முடுக்கைத் திரும்பினால் பருத்தித்துறை வெளிச்சவீடு, அதாவது கலங்கரை விளக்கம். ஒரு ஊரையே மனப்பாடம் செய்யமுடியாமல் தவிப்பவர்கள், இப்போது இரண்டு ஊரைச் சுமந்துகொண்டு ரவுண்டபவுட் சுற்றுகிறார்கள். யாரும் முகத்தைத் தொங்கப்போடுவதில்லையாம். அதற்கு அவர் நேரமே கொடுப்பதில்லை. மெகனும் மாதத்துக்கு ஒருமுறை இடியப்பத்துக்கு வந்து, மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் வெள்ளம் நிற்கும் கதையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா மழை?" என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறார்.

எனக்கு லைசென்ஸ் கிடைத்து வெகுகாலமாகிவிட்டது. சிட்னி முழுக்க ஓட்டுகிறேன், மெல்பர்னுக்கே ஒருமுறை ஓட்டிப் போய் வந்தேன். ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மாஸ்டரின் வெள்ளைக் கார் எங்கள் வாசலுக்கு வருகிறது. ரிவர்ஸ் பார்க்கிங் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.